அன்றாடக் கணக்கும் மாணவர் நியாயித்தலும்: மாத்தளைத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

கவிதையையும் நாவலையும் நுணுகி ஆராய்வதில் நம்மவர் காட்டிவந்துள்ள ஊக்கம் பெரிது. ஆனால், ஆண்டுதோறும் எண்ணிறந்த பிள்ளைகளின் வாழ்க்கைப் போக்கைத் தீர்மானிக்கும் கணித வினாத்தாளினை, ஆராய்ந்து மதிப்பிடத்தக்க ஓர் எழுத்தாகக் கொண்டு நாம் வாசித்ததில்லை. வினாத்தாளுக்கும் பாத்திரங்கள் உண்டு, களம் உண்டு, அதனை ஆக்கியோனின் உலக நோக்கும் உண்டு. கடைக்குச் செல்லும் ஒருவர், வேலி அடைக்கும் ஒருவர், தொட்டியில் நீர் நிரப்பும் ஒருவர் எனப் பலர் அதில் வந்துபோகின்றனர். அவர்கள் உண்மையில் வாழ்வோரா, அன்றி எண்களைச் சுமந்துவரும் வெறும் உருக்களா என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும். தரம் 6 முதல் 9 வரையிலான கனிட்ட இடைநிலை மாணவரின் கணித நியாயித்தலை அன்றாட எண்கணிதத்தைக் கொண்டும் கேத்திரகணிதத்தைக் கொண்டும் சோதிக்கும் முறையினை, மாத்தளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளை மனங்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

நியாயித்தல் என்பது நமது பாடத்திட்டத்துக்குப் புதியதன்று. அறிவும் திறனும், தொடர்பாடல், தொடர்புகளைக் காணல், நியாயித்தல், பிரசினம் தீர்த்தல் ஆகியன கணிதக் கல்வியின் குறிக்கோள்களாக எடுத்தோதப்பட்டுள்ளன. ஆயினும், குறிக்கோளாக எழுதப்படுவது ஒன்று, புள்ளியிடப்படுவது மற்றொன்று. புள்ளி எதற்கு வழங்கப்படுகின்றதோ அதுவே வகுப்பறையில் கற்பிக்கப்படும் என்பதை ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் அனைவரும் அறிவர்.

1. ஒரு விடையும் ஒரு தவறும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை வகுப்பு நடத்திய காலத்தில், தரம் 7 பிள்ளைகளுக்கு நானே ஒரு வினாவை ஆக்கிக் கொடுத்தேன். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் மாசிமகத் திருவிழாவை அப்பிள்ளைகள் யாவரும் அறிவர். எனவே, “தோட்டத்திலிருந்து தேர் பார்க்க 130 பேர் செல்ல வேண்டும். ஒரு பஸ்ஸில் 50 இருக்கைகள் உள்ளன. எத்தனை பஸ்கள் தேவை?” எனக் கேட்டேன். மூன்று என்பதே நான் எதிர்பார்த்த விடை. ஒரு மாணவி இரண்டு என எழுதியிருந்தாள். மீதியை விட்டுவிட்டாள் எனக் கருதிப் புள்ளி வழங்காது விட்டேன். வகுப்பு முடிந்தபின் அவளை அழைத்து விளக்க முற்பட்டபோது, “மீதி முப்பது பேரும் நின்றுகொண்டு போவார்கள் சேர், ஒரு பஸ்ஸுக்குப் பதினைந்து பேர்தானே” என்றாள்.

அவள் வகுத்திருந்தாள், மீதியைக் கண்டிருந்தாள், அம்மீதியை இரு சமபங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பஸ்ஸிலும் பதினைவர் நிற்பது இயலக்கூடியதே என்றும் தீர்மானித்திருந்தாள். மூன்று என எழுதிய பிள்ளைகளைவிட ஒரு படி அதிகமாகவே அவள் சிந்தித்திருந்தாள் எனலாம். இத்தீவில் பஸ்ஸில் பயணம் செய்யும் எவரும் அவளைத் தவறென்று சொல்லமாட்டார். எனது வினாவே தவறானது. பஸ், தேர், தோட்டம் என அன்றாட வாழ்க்கையின் பெயர்களை நான் வினாவுக்குள் அழைத்தேன். ஆனால் அன்றாட வாழ்க்கையின் அறிவு உள்ளே வந்தபோது அதனை வெளியே நிறுத்திவிட்டேன்.

இதே வடிவிலான ஒரு வினா உலகறிந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மதிப்பீடொன்றில் பதின்மூன்று வயது மாணவரிடம், ஒரு பஸ்ஸில் 36 படைவீரர் செல்லலாமாயின் 1128 பேருக்கு எத்தனை பஸ்கள் வேண்டும் எனக் கேட்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மர் சரியாக வகுத்தனர். ஆனால் 32 என்னும் விடையை எழுதியோர் நூற்றுக்கு இருபத்துமூவரே. நூற்றுக்கு இருபத்தொன்பதின்மர் “31 மீதி 12” என எழுதினர். மீதியாகும் பன்னிருவர் எங்கே நிற்பர் என்று அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. வசனக் கணக்கில் வரும் மனிதர் உண்மை மனிதரல்லர் என்பதைப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு நன்கு கற்பித்திருந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் வாழ்க்கையை மறந்து பிழைத்தனர். எனது மாணவி வாழ்க்கையை நினைவிற்கொண்டு புள்ளியை இழந்தாள். இரு நிகழ்வுகளின் மூலமும் ஒன்றே: வசனக் கணக்கு என்பது வாழ்க்கையின் உடை அணிந்த வெறும் வகுத்தல் என்னும் எண்ணமே அது.

2. தெருவும் பள்ளியும்

இத்தொடர்பில் பிரேசில் நாட்டின் ரெசீஃபே நகரில் தெரேசின்ஹா நூனெஸ் கறாஹர், டேவிட் கறாஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் நிகழ்த்தி 1985 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் குறிப்பிடத்தக்கது. தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம், பொருள் வாங்குவோராகச் சென்று அவர்கள் கணக்குக் கேட்டனர். அவ்வாறு கேட்ட 63 கணக்குகளில் நூற்றுக்கு 98.2 சரியாக அமைந்தன. பின்னர் அதே பிள்ளைகளுக்கு அதே எண்களை வசனக் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு 73.7 உம், வெறும் எண்கணிதமாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 36.8 உமே சரியாயின. ஒரு சிறுவன் 35 குருசேறோ விலைப்படி பத்துத் தேங்காய்க்குப் பூச்சியம் சேர்த்துப் பெருக்கவில்லை. மூன்று தேங்காய்க்கு 105 எனத் தொடங்கி, மும்மூன்றாகக் கூட்டி, எஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350 என முடித்தான். பங்கீட்டு விதியினை அவன் பெயரறியாமலே கையாண்டான்.

ஐந்து பிள்ளைகளைக் கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது. எனினும், ஒரு பிள்ளையால் “முடியாது” எனச் சோதனை கூறும்போது, எந்தச் சூழலில், எந்த மொழியில், எவ்வகை வினாவுக்கு முடியாது என்று திருப்பிக் கேட்பதற்கான உரிமையை இவ்வாய்வு நமக்குத் தருகின்றது.

மொழி பற்றிய வினா மலையகத்துக்கு இன்றியமையாதது. கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது உடனிருந்து வளர்ந்த பிள்ளை, பாடநூலில் “திணிவு” என்னும் சொல்லைச் சந்திக்கின்றது. காம்பறாவில் வாழும் பிள்ளை, “செவ்வக வடிவான அறையொன்றின் தளத்தின் பரப்பளவு” என்னும் தொடரைச் சந்திக்கின்றது. கலைச்சொற்கள் வேண்டாமென்பது எமது கருத்தன்று. அவை வேண்டும், அவற்றை அப்பிள்ளை கற்கவும் வேண்டும். ஆனால், சொல்லறியாமையைச் சிந்தனையின்மை எனக் கணக்கிடும் சோதனை, கணிதச் சோதனையாகாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் தரம் 8 மாணவரின் கணித அடைவினை மாகாணம், மொழிமூலம் என்றவாறு பகுத்து மதிப்பிட்டு வந்துள்ளது. யார் பின்தங்கியுள்ளனர் என்பதை அறிய அத்தகைய அட்டவணைகள் இன்றியமையாதன. பின்தங்கியோர் எவ்வாறு சிந்தித்துப் பின்தங்கினர் என்பதை விடைத்தாளின் ஓரத்தில் அவர்கள் கிறுக்கிய கணக்குகளிலிருந்தே அறியமுடியும்.

3. மடுவமும் காம்பறாவும்

குறைகூறல் மட்டும் விமர்சனமாகாது. நியாயித்தலை உண்மையாகச் சோதிக்கும் அன்றாடக் கணக்கு எவ்வாறிருக்கும் என்பதைக் காட்டும் கடமையும் விமர்சகனுக்குண்டு. பின்வரும் எண்கள் உதாரணத்துக்காகக் கொள்ளப்பட்டவை. நிலைமைகள் மாத்தளைப் பிள்ளைகள் அறிந்தவை.

ஒரு தொழிலாளி காலை 7, நண்பகல் 9, மாலை 6 என 22 கிலோ கொழுந்து எடுக்கின்றார் எனக் கொள்வோம். முழுநாட் பேருக்கு 20 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழிப்பது ஒரு முறை. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து கழிப்பது மற்றொரு முறை. முதல் முறையில் 19 கிலோவும் இரண்டாவதில் 20.9 கிலோவும் எஞ்சும். வழக்கமான வினாத்தாள் இவ்விடத்தில் நின்றுவிடும். நியாயித்தலைச் சோதிக்கும் வினாவோ இங்கேதான் தொடங்கும்: “எத்தனை கிலோ எடுத்தால் இரு முறைகளும் ஒரே கழிவைத் தரும்? அவ்வளவு கொழுந்தை ஒருவர் ஒரு நாளில் எடுக்க இயலுமா? அவ்வாறாயின் எந்த முறை எப்போதும் யாருக்குச் சாதகமானது?” மூன்று கிலோ நூற்றுக்கு ஐந்தாக அமைவது 60 கிலோவில். மாறாத கழிவுக்கும் விகிதசமனான கழிவுக்கும் உள்ள வேறுபாட்டினைப் பிள்ளை இங்கு காண்கின்றது. சமன்பாடொன்றின் விடையை உலகின்மேல் வைத்துப் பார்க்கின்றது. அதன் தாயின் ஒருநாட் சம்பளம் எந்தக் கழித்தலில் தங்கியுள்ளது என்பதையும் அறிகின்றது.

கேத்திரகணிதத்துக்கு வருவோம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான லயக் காம்பறா மலையக வாழ்வின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதன் பரப்பளவு 120 சதுர அடி எனக் காண்பது பெருக்கல் மட்டுமே. “சுவரின் மொத்த நீளத்தைக் கூட்டாது, வடிவத்தை மட்டும் மாற்றி இதைவிடப் பெரிய அறை அமைக்கலாமா?” என்று கேட்பின் நிலைமை மாறுகின்றது. சுற்றளவு 44 அடி. பிள்ளை 13 க்கு 9, 14 க்கு 8 என முயன்று பார்க்கும். பரப்பளவு 117, 112 எனக் குறைந்துகொண்டே போகும். மறுபக்கம் சென்றால் 11 க்கு 11 என்னும் சதுரம் 121 சதுர அடியைத் தரும். சுற்றளவு மாறாதபோது செவ்வகங்களுள் சதுரமே பெரிது என்னும் பொதுமைக்கு அங்கிருந்து ஒரு காலடியே உண்டு. அதே வேளை, வடிவத்தை எவ்வளவுதான் திருத்தினும் கிடைக்கக்கூடிய ஆதாயம் ஒரேயொரு சதுர அடி என்பதும் வெளிப்படுகின்றது. ஆறுபேர் வாழும் காம்பறாவில் ஒருவருக்கு 20 சதுர அடி. சுவரைத் தள்ளாமல் இவ்வளவைக் கூட்ட இயலாது என்பது இங்கு ஒரு கோஷமாக வரவில்லை, நிறுவலாகவே வருகின்றது.

மூன்றாவதாக, சரிவு. மாத்தளையின் தோட்டங்கள் மட்டநிலத்தில் அமைந்தவையல்ல. சரிவின்மீது நாடாவை விரித்து 20 மீற்றர் என அளக்கும் நிலம், அதன் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 12 மீற்றர் உயர்ந்திருப்பின், வரைபடத்தில் 16 மீற்றராகவே தோன்றும். நில அளவையாளர் பதிவது இந்தக் கிடைத்தூரத்தையே. அளவிடைப் படமொன்றை வரைந்து தரம் 7 மாணவரும் இதனைக் காணலாம். பைதகரசின் தொடர்பினைக் கற்ற தரம் 9 மாணவர் இதனைக் கணிக்கலாம். உறுதியில் எழுதப்பட்டுள்ள பேர்ச்சஸ் அளவுக்கும் காலால் நடந்து அளக்கும் அளவுக்கும் ஏன் வேறுபாடு வருகின்றது என்பதை விளக்குமாறு கேட்பதே இங்கு சிறந்த வினாவாகும். காணித்துண்டு கிடைக்கும் காலத்தில் தன் குடும்பத்துக்காக இவ்விளக்கத்தைக் கூறக்கூடியவர், பெரும்பாலும் அவ்வீட்டின் பள்ளிப் பிள்ளையாகவே இருப்பார்.

4. நம் மரபும் அதன் குறையும்

அன்றாடக் கணக்கு நமக்கு அந்நியமானதன்று. கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் என வாழ்க்கைப் பொருள்களின் வழியே கணிதத்தை வகுத்துத் தந்த நூலாகும். திண்ணைப் பள்ளிகள் எண்சுவடியை மனனஞ் செய்வித்து, சந்தையிலும் வயலிலும் செல்லுபடியாகும் கணக்கரை உருவாக்கின. இம்மரபினைப் போற்றுவது எளிது. நம்மவர் மேடைகளில் அது குறைவின்றி நிகழ்கின்றது. கணித நியாயித்தல் என்னும் உரைகல்லில் அதனை உரைத்துப் பார்ப்பதே தேவையானது. மூன்று விதிகளை எடுத்துக்கொள்வோம்.

வட்டத்தின் பரிதியில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பளவு கிடைக்கும் என்பது ஒன்று. பலாப்பழத்தின் காம்பைச் சூழ்ந்த முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கணக்கதிகாரத்தின் வழியே வழங்குவன. செங்கோண முக்கோணியில் செங்கோணத்தை அடக்கும் பக்கங்களுள் நீண்டதில் எட்டிலொன்றைக் கழித்து, குறுகியதில் அரைவாசியைக் கூட்டினால் செம்பக்கம் வரும் என்பது, வர்க்கமூலம் வேண்டாத தமிழர் விதியெனப் பலராலும் பெருமையோடு எடுத்துரைக்கப்படுவது.

மூன்றும் ஒரே தொனியிலேயே சொல்லப்படுகின்றன. ஆனால் மூன்றும் ஒரே தன்மையன அல்ல. வட்ட விதி எப்போதும் உண்மை. கடதாசி வட்டமொன்றைச் சிறு துண்டங்களாக வெட்டித் தலைகீழாக மாறிமாறி அடுக்கினால், பாதிப் பரிதி நீளமும் ஆரை அகலமும் கொண்ட செவ்வகத்தை அது அண்மிக்கும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் காணும். செம்பக்க விதி சிலவேளை உண்மை. பக்கங்கள் 3, 4 ஆயின் 5 எனவும், 5, 12 ஆயின் 13 எனவும் அது சரியாகவே தரும். ஆனால் 8, 15 ஆயின் 17 க்குப் பதிலாக 17.125 உம், 7, 24 ஆயின் 25 க்குப் பதிலாக 24.5 உம் தரும். இரண்டு உதாரணங்களோடு நிறைவுற்றவர் அதனைத் தேற்றமென நம்பியிருப்பர். பலாவிதியோ அனுபவக் கணிப்பு. அதனை நிறுவ முடியாது, பழங்களை வெட்டி எண்ணிப் பார்த்து எவ்வளவு பொருந்துகின்றது எனக் கூறவே முடியும்.

எது எப்போதும் உண்மை, எது சிலவேளை உண்மை, எது அனுபவக் கணிப்பு என வேறுபடுத்தும் ஆற்றலே கணித நியாயித்தலின் உயிர்நாடி என்பது எமது துணிபு. இம்மூன்று விதிகளையும் பெயர் குறிப்பிடாது ஒரு தாளில் எழுதி, “இவற்றை எவ்வாறு நம்புவாய்?” எனக் கேட்டால், அதனைவிடச் சிறந்த சோதனை தரம் 8 க்கு வேண்டியதில்லை. பலாமரமில்லாத ஊர் மாத்தளையில் அரிது. சோதனைக்கான உபகரணம் வீட்டுப் பின்புறத்திலேயே தொங்குகின்றது. நம் மரபு வாழ்க்கையைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஏன் என்னும் வினாவை அது போதிய அளவு கொண்டுவரவில்லை. இன்றைய வினாத்தாளும் விதியை இடுவித்து விடையை வாங்குவதில், தான் கைவிட்டதாக நினைக்கும் திண்ணைப் பள்ளியையே தொடர்கின்றது.

5. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இவ்விடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்துக் கணக்கையும் காம்பறாக் கணக்கையும் கொடுப்பது, அப்பிள்ளையைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திவைப்பதாகாதா? இம்மறுப்புக்கு வரலாற்று வலு உண்டு. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டத்தின் பயன் தோட்டப் பாடசாலைகளை உரிய காலத்தில் எட்டவில்லை. தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலிருந்த அப்பாடசாலைகள், பெயரெழுதவும் சிறு கணக்குப் போடவும் தெரிந்தால் போதும் என்னும் எல்லைக்குள்ளேயே நெடுங்காலம் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயாகும். “உனக்கு உன் அன்றாடம் போதும்” என்னும் குரலை அம்மக்கள் முன்னரும் கேட்டிருக்கின்றனர். அக்குரல் அன்பின் தொனியில் வந்தாலும் அஞ்சத்தக்கதே.

ஆகவே, அன்றாடம் புறப்படும் இடமாக இருக்கலாம்; சேரும் இடமாக இருத்தலாகாது. மேலே கூறிய உதாரணங்கள் யாவும் மடுவத்திலும் காம்பறாவிலும் தொடங்கி, மாறிலிக்கும் விகிதசமனுக்கும் உள்ள வேறுபாடு, மாறாச் சுற்றளவின் உச்சப் பரப்பு, நிறுவலுக்கும் உதாரணத்துக்கும் உள்ள வேறுபாடு என்பவற்றில் முடிவதைக் காணலாம். இவை தோட்டக் கணிதமல்ல. உலகத்தின் எந்த மூலையிலும் கணிதமெனப்படுவன. இவற்றுக்கு இட்டுச்செல்லாத அன்றாடக் கணக்கு, எவ்வளவு பரிவோடு ஆக்கப்பட்டதாயினும், ஒரு வேலியே.

நடைமுறைத் தடைகளும் உண்டு. காரணத்துக்குப் புள்ளியிடுவது விடைக்குப் புள்ளியிடுவதைவிடக் கடினம். நேரம் மிகுதியாகத் தேவை. பரீட்சகருக்கிடையே வேறுபாடு தோன்றும். க. பொ. த. சாதாரண தரம் போன்ற பெரும் பரீட்சையில் இது முழுமையாக இயலாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தரம் 6 க்கும் 9 க்கும் இடையில் நிகழ்பவை பெரும்பாலும் பாடசாலை மட்டத் தவணைப் பரீட்சைகளும் கணிப்பீடுகளுமே. அங்கு, ஒரு வினாத்தாளில் ஒரு வினாவையேனும் “காரணம் கூறுக” என முடித்து, அக்காரணத்துக்கு விடைக்கு நிகரான புள்ளியை ஒதுக்குவதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. எதிர்பாராத விடையைக் கண்டால், சிவப்பு மையிடுமுன் பிள்ளையை அழைத்து ஒரு வார்த்தை கேட்பதற்கும் சுற்றுநிருபம் தேவையில்லை.

சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியெய்தாத பிள்ளைக்கு உயர்கல்வியின் வாயில் பெரும்பாலும் அடைபட்டு விடுகின்றது. மலையகத்தில் அவ்வாறு திரும்பிச் செல்வோர் பலர். அவர்களுக்குக் “கணக்கு வராது” எனத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. காலப்போக்கில் அதனை அவர்களும் நம்பிவிடுகின்றனர். அவர்களுள் எத்தனைபேர் சிந்திக்க இயலாதோர், எத்தனைபேர் நமது வினாவின் உலகத்துக்குள் நுழைய மறுத்துத் தமது உலகத்திலிருந்து சரியாகச் சிந்தித்தோர் என்பதை நமது சோதனைகள் பிரித்தறியவில்லை. பிரித்தறியாத அளவுகோலை வைத்து ஒரு சமுதாயத்தின் அறிவை அளந்துவருகின்றோம்.

இரண்டு பஸ்கள் போதுமென எழுதிய அம்மாணவியின் தாளில் பின்னர் புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முந்திய தாள்களில் இத்தகைய விடைகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை இனி நான் திரும்பிப் பார்க்க இயலாது. அடுத்த தவணைக்கான வினாத்தாளை ஆக்க அமரும் ஆசிரியர், பிள்ளை என்ன விடை எழுதவேண்டும் என்று எண்ணுவதற்கு முன்னர், எந்தெந்த விடைகளை நியாயத்தோடு எழுதக்கூடும் என்று ஒரு கணம் எண்ணிப்பார்ப்பாராயின், நியாயித்தலைச் சோதிக்கும் பணி அங்கேயே தொடங்கிவிடும்.